பிடித்து, அடித்து, விட்டுவிட்டால்?

‘ஐ சா தி டெவில்’ (2010) பற்றி யார் எழுதினாலும் ரத்தத்தில் ஆரம்பித்து ரத்தத்திலேயே முடித்துவிடுகிறார்கள். கிம் ஜீ-ஊன் இயக்கிய இந்தக் கொரியப் படத்தில் ரத்தத்துக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் அதைவிடச் சுவாரசியமானது, ஒரு கெட்டிக்காரன் போட்ட பழிவாங்கும் திட்டம் எங்கெங்கே ஓட்டையாகிறது என்பது. முடிவு வரை சொல்லப்போகிறேன். பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

பனி கொட்டும் இரவு, டயர் பஞ்சரான கார், உதவிக்கு வருவதுபோல் ஒரு வேன். வேன்காரன் கியுங்-சொல் (சோய் மின்-சிக்), டியூஷன் சென்டருக்கு வண்டி ஓட்டுகிறவன். காரில் இருந்த ஜூ-யோன் கர்ப்பிணி. வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்று கெஞ்சியும் விடாமல் அவளைக் கொன்றுவிடுகிறான். அவளைக் கட்டிக்கொள்ள இருந்த சூ-ஹியோன் (லீ பியுங்-ஹுன்) உளவுத்துறை ஆள். அவள் அப்பா ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி. சந்தேகப்படும்படியான 4 பேரின் விவரத்தை அவரே மருமகனாக வரவேண்டியவன் கையில் கொடுக்கிறார்.

ஆளைக் கண்டுபிடித்ததும் கொன்றிருந்தால் படம் முக்கால் மணி நேரத்தில் முடிந்திருக்கும். சூ-ஹியோன் அவனை அடித்து மயக்கி, மணிக்கட்டை உடைத்து, இருப்பிடம் காட்டுவதோடு பேச்சையும் கேட்கவைக்கும் ஒரு கேப்ஸ்யூலை விழுங்கவைத்து, செலவுக்குக் கவரில் பணமும் வைத்துவிட்டுப் போகிறான். அடுத்த முறை குதிகால் நரம்பை அறுக்கிறான். மறுபடியும் விடுகிறான். எலியைக் கொல்லாமல் உருட்டும் பூனை மாதிரி.

இதில் முதல் ஓட்டை சாதாரண வயிற்று விவகாரம். விழுங்கியது எப்படியும் வெளியே வந்தாக வேண்டும். சூ-ஹியோன்கூட வேலை செய்கிறவன் அதைப் பற்றி வாய்விட்டுப் பேச, அரைமயக்கத்தில் கிடந்த கியுங்-சொல் கேட்டுவிடுகிறான். பேதி மாத்திரையோடு அத்தனை தொழில்நுட்பமும் காலி.

இரண்டாவது ஓட்டை நேரம். கருவி ஆள் இருக்கும் இடத்தைச் சொல்லும். அங்கே போய்ச் சேரும் நேரத்தை யார் தருவது? அந்த இடைவெளியில் கிளினிக் நர்ஸ் அவனிடம் மாட்டுகிறாள். கருவி கழன்ற பிறகோ ஜூ-யோனின் வீட்டுக்கே போய்விடுகிறான். அப்பாவை அடித்து நொறுக்குகிறான், தங்கையைக் கொல்கிறான். விட்டுப்பிடிக்கும் ஆட்டத்துக்கான பில்லைக் கட்டியவர்களில் ஒருவரும் அந்த ஆட்டத்துக்குச் சம்மதித்தவர் இல்லை.

(டாக்ஸி காட்சி தனிக் கணக்கு. உள்ளே இருக்கும் இரண்டு பேரும் கொள்ளையர்கள், நிஜ டிரைவர் டிக்கியில் பிணம். காருக்குள் கேமரா வட்டமடிக்க, கியுங்-சொல் குத்தித் தள்ளுகிறான். ஊரே இப்படித்தான் இருக்கிறது என்று படம் நக்கலடிக்கிற இடம்.)

மூன்றாவதுதான் பெரிய ஓட்டை. பழி என்பது கொடுக்கல் வாங்கல் மாதிரி. எதிராளியிடமும் அதே காசு புழங்க வேண்டும். தன் காதலி பட்ட பயத்தை இவன் பட வேண்டும் என்கிறான் சூ-ஹியோன். இவனிடமோ பயமே இல்லை. கடைசியில் அதை முகத்துக்கு நேராகவே சொல்லிச் சிரிக்கிறான்.

கியுங்-சொல் போலீசில் சரணடையப் போவதை நம் ஊர்ப் பார்வையாளர்கள் பலர் ‘தோற்றுவிட்டான்’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். தென்கொரியாவில் கடைசியாகத் தூக்கு நிறைவேறியது 1997 டிசம்பர் 30 அன்று, 23 பேருக்கு. அதன்பிறகு தீர்ப்பு எழுதுகிறார்கள், தூக்கில் போடுவதில்லை. 2004இல் பிடிபட்ட தொடர்கொலைகாரன் யூ யோங்-சொல்லுக்கு மரண தண்டனை விதித்தார்கள், நிறைவேற்றவில்லை. படம் வந்த அதே 2010இன் பிப்ரவரியில்தான் அரசியல் சாசன நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் மரண தண்டனை செல்லும் என்றது. இது தெரிந்த கொரியப் பார்வையாளருக்குச் சரணடைவது அவனுடைய வெற்றி. மூன்று வேளைச் சோறு, அரசாங்கப் பாதுகாப்பு. அதனால்தான் சூ-ஹியோன் போலீஸ் கண்முன்னாலேயே அவனைத் தூக்கிக்கொண்டு போகிறான்.

தணிக்கைக் கதையும் உண்டு. இரண்டு முறை ‘வரையறுக்கப்பட்ட திரையிடல்’ என்ற தரம் கொடுத்தார்கள். அதற்கான தியேட்டர்கள் அங்கே அநேகமாக இல்லை என்பதால் தடைக்குச் சமம். சுமார் ஒன்றரை நிமிடம் வெட்டிய பிறகே ஆகஸ்டில் வெளியானது.

குறை இல்லாமல் இல்லை. மனித மாமிசம் தின்னும் கியுங்-சொல்லின் நண்பன் வீட்டுப் பகுதி இழுவை. பெண்கள் சாவதற்கும் அலறுவதற்கும் மட்டுமே வருகிறார்கள். ஜூ-யோனுக்கு என்ன பிடிக்கும் என்றுகூட நமக்குத் தெரியாது. இரண்டரை மணி நேரத்துக்குச் சற்றே குறைந்த படத்தில் அதற்கு இடமா இல்லை?

முடிவில் வரும் வெட்டுக்கத்திப் பொறிக்குச் சிலர் விசில் அடிக்கிறார்கள். அதன் அமைப்பைக் கவனித்துப் பாருங்கள். கயிறு கதவோடு இணைந்திருக்கிறது; கதவைத் திறந்தால் கீழே கிடக்கும் கியுங்-சொல்லின் கழுத்தில் கத்தி விழும். திறக்கப்போவது கியுங்-சொல்லின் வயதான அப்பா அம்மாவும் அவன் கைவிட்ட மகனும். அவன் கண்ணில் பயம் தெரிவது அப்போதுதான். ஆக, சூ-ஹியோன் கேட்ட காசு கடைசியில் கிடைத்துவிட்டது, ஒரு சின்னப் பையனின் கையிலிருந்து. தூரத்தில் நடந்துகொண்டே அந்தச் சத்தத்தைக் காதில் கேட்டு அவன் உடைகிறான். பையனுக்கு அப்புறம் என்ன ஆனது என்பதைப் படம் காட்டவே இல்லை.