அந்தக் காபியை அவன் குடித்துத்தான் ஆக வேண்டும்

போன வாரம் நண்பன் ஒருவன் கேட்டான்: "அதே கதை இங்கிலீஷ்லயே இருக்கும்போது எதுக்குடா டச்சுப் படத்தை சப்டைட்டில் படிச்சுக்கிட்டுப் பார்க்கணும்?" இங்கிலீஷ் படத்தையும் அவன் சப்டைட்டில் போட்டுத்தான் பார்க்கிறான் என்பது வேறு விஷயம். ஆனால் கேள்வி நியாயமானது. அன்றைக்கு அரைகுறையாக ஏதோ உளறி வைத்தேன், அதனால் இங்கே எழுதுகிறேன். முன்னாடியே சொல்லிவிடுகிறேன், நான்கைந்து படங்களின் கிளைமாக்ஸை இதில் உடைக்கப் போகிறேன். விருப்பமில்லாதவர்கள் இப்போதே கிளம்பிவிடலாம்.

பேச்சில் வந்தது ‘ஸ்பூர்லோஸ்’ என்ற டச்சுப் படம். 1988-ல் வந்தது, பெயருக்குத் தடயமே இல்லாமல் என்று அர்த்தம். டிம் கிராபே 1984-ல் எழுதிய ‘பொன் முட்டை’ என்ற சின்ன நாவல்தான் மூலம், இயக்கியவர் ஜார்ஜ் ஸ்லைசர். ரெக்ஸ், சாஸ்கியா என்று ஒரு ஜோடி காரில் பிரான்ஸுக்கு விடுமுறை போகிறார்கள். வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்துகிறார்கள். கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் சண்டை போட்டிருக்கிறார்கள், இப்போது சமாதானம். அதன் அடையாளமாக ஒரு மரத்தடியில் இரண்டு நாணயங்களைப் புதைத்து வைக்கிறார்கள். குடிக்க ஏதாவது வாங்கி வருகிறேன் என்று உள்ளே போன சாஸ்கியா திரும்பி வரவில்லை. பட்டப்பகல், சுற்றிலும் குடும்பம் குடும்பமாக ஜனம், ரெக்ஸ் மட்டும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு ஓடுகிறான்.

கடத்தியவன் யார் என்பதைப் படம் மறைப்பதே இல்லை. பாதி தாண்டுவதற்கு முன்பே ஆளைக் காட்டிவிடுகிறார்கள். ரேமோன், பிரெஞ்சுக்காரன், வேதியியல் வாத்தியார், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். குளோரோஃபார்மைத் தானே முகர்ந்து எத்தனை நேரம் மயக்கம் நிற்கிறது என்று கணக்குப் பார்க்கிறான். காலி சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கதவைப் பூட்டுவது, கைக்குட்டையை மூக்கில் அழுத்துவது என்று ஒத்திகை பார்க்கிறான், பரீட்சைக்குப் படிக்கிற பையன் மாதிரி. எனக்கு ரொம்பப் பிடித்த இடம், அவனுக்குத் தும்மல் வருவது. தும்மல் வந்ததும் பதற்றத்தில் அந்த மருந்துக் கைக்குட்டையிலேயே மூக்கை வைத்துவிட்டு, தள்ளாடிக்கொண்டு கழிவறைக்கு ஓடுகிறான். சிரிப்பு வந்துவிடும். அன்றைக்கு இனி வேண்டாம் என்று அவன் கைவிட்டு நிற்கிற நேரத்தில், காபி மெஷினுக்குச் சில்லறை கேட்டு சாஸ்கியா தானாகவே அவனிடம் வருகிறாள். சிரித்த வாய் அப்படியே நின்றுபோகும்.

மூன்று வருஷம் கழிகிறது. ரெக்ஸ் இன்னும் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருக்கிறான். புதிதாக ஒரு காதலி இருக்கிறாள், அவளும் தாங்க முடியாமல் போய்விடுகிறாள். ஒரு இடத்தில் ரெக்ஸ் சொல்லுவான்: அவள் எங்கோ உயிரோடு, சந்தோஷமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்கிறேன், அப்போது நான் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், எதுவும் தெரியாமலே அவளை வாழ விடுவதா, அல்லது சாகவிட்டு உண்மையைத் தெரிந்துகொள்வதா, நான் அவளைச் சாகவிடுகிறேன். படமே இதுதான். அவன் தேடுவது சாஸ்கியாவை இல்லை, பதிலை.

அதனால்தான் கடைசியில் ரேமோன் நேரில் வந்து, அவளுக்கு என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டுமென்றால் அவளுக்கு நடந்தது உனக்கும் நடக்க வேண்டும், இந்தா காபி, இதில் மயக்க மருந்து இருக்கிறது என்று நீட்டும்போது ரெக்ஸ் குடிக்கிறான். கண் விழித்தால் சவப்பெட்டி, மேலே மண், கையில் ஒரு லைட்டர். அவ்வளவுதான், வெளியே வர வழி கிடையாது. படத்தின் ஆரம்பத்தில் சாஸ்கியா ஒரு கனவு சொல்லியிருப்பாள், பொன் முட்டைக்குள் அடைபட்டு வெட்டவெளியில் தனியாக மிதக்கிற கனவு. அது எதற்கு என்று அந்த இருட்டில்தான் புரியும்.

1993-ல் ஹாலிவுட் இதை ‘தி வானிஷிங்’ என்று எடுத்தது, அதே ஸ்லைசரைக் கூப்பிட்டே எடுக்க வைத்தது. ஜெஃப் பிரிட்ஜஸ், கீஃபர் சதர்லேண்ட், அப்போது பெரிய பெயர் எடுக்காத சாண்ட்ரா புல்லக். இங்கே அந்தப் புதிய காதலி விட்டுப் போகவில்லை. துப்புத் துலக்கிக்கொண்டு வருகிறாள், வில்லனோடு மோதுகிறாள், புதைக்கப்பட்டவன் வெளியே வருகிறான், மண்வெட்டியால் வில்லன் சாகிறான். கடைசிக் காட்சியில் ஹோட்டலில் காபி வேண்டுமா என்று கேட்டால் ஜோடியாக வேண்டாம் என்கிறார்கள். ஜோக்காம்!

கடைசிப் பத்து நிமிஷம்தானே மாறியிருக்கிறது என்பார்கள். அங்கேதான் எனக்குச் சண்டை. முடிவை மாற்றினால் அது பின்னாலேயே ஓடிப்போய் முதல் காட்சி வரைக்கும் கலைத்துவிடும். யாராவது வந்து காப்பாற்றுவார்கள் என்றால் அந்தக் காபிக்கு என்ன மதிப்பு? அது ஒரு முட்டாள்தனம், தப்பித்துவிட்டான், சுபம். அதே இயக்குநர், அதே கதை என்பதால் திறமைக் குறைவு என்றும் சொல்ல முடியாது. பணம் போடுகிறவர்களுக்கு, தியேட்டரை விட்டுப் போகிறவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போகக் கூடாது.

இது புது வியாதியும் இல்லை. புவாலோ, நார்ஸ்ஜாக் என்ற இரட்டையர் எழுதிய நாவலை வைத்து 1955-ல் பிரெஞ்சு இயக்குநர் க்ளூஸோ ‘லே டியாபொலிக்’ என்று ஒரு படம் எடுத்தார், கதையை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று முடிவில் எழுத்துப் போட்டுக் கேட்டுக்கொண்ட படம். செத்துப்போனதாக நினைத்த புருஷன் குளியல் தொட்டியிலிருந்து எழுந்ததும் இதய நோயாளியான மனைவி பயத்திலேயே செத்துவிடுவாள். 1996-ல் ஷரோன் ஸ்டோனை வைத்து ரீமேக் செய்தபோது மனைவி பிழைத்துக்கொள்கிறாள், அந்தக் கெட்ட புருஷன்தான் சாகிறான். இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

கொஞ்சம் மரியாதையோடு பேச வேண்டியது ‘தி சீக்ரெட் இன் தெயர் ஐஸ்’ என்ற அர்ஜென்டினா படம். எதுவார்தோ சாச்செரியின் நாவல், இயக்குநர் காம்பனெல்லாவும் அவரும் சேர்ந்து திரைக்கதை எழுதி 2009-ல் வந்தது, அடுத்த வருஷம் ஆஸ்கரும் வாங்கியது. இளம் மனைவியைக் கொன்றவன் பிடிபடுகிறான், ஆனால் எழுபதுகளின் அரசாங்கத்துக்கு அடியாள் வேலை பார்க்கிறான் என்பதற்காக வெளியே விட்டுவிடுகிறார்கள். 2015-ன் ஹாலிவுட் வடிவத்தில் கதையை செப்டம்பர் 11-க்குப் பிந்தைய லாஸ் ஏஞ்சல்ஸுக்கு மாற்றினார்கள், கொலைகாரன் அங்கே போலீஸுக்குத் தகவல் சொல்கிறவன். யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் முடிவுக்கு வாருங்கள். மூலத்தில் அந்தக் கணவன் கொலைகாரனைத் தன் வீட்டிலேயே கூண்டில் அடைத்து வருஷக்கணக்காகச் சோறு மட்டும் போட்டுக்கொண்டிருக்கிறான், ஒரு வார்த்தை பேசாமல். கம்பிக்குப் பின்னாலிருந்து அவன் கெஞ்சுவது விடுதலைக்காக இல்லை, என்னிடம் பேசவாவது சொல்லுங்கள் என்றுதான். அந்த வழக்கை விசாரித்த கதாநாயகன் கேட்டுவிட்டுப் போய்விடுகிறான். ஹாலிவுட்டில் கணவனுக்குப் பதில் அம்மா, ஜூலியா ராபர்ட்ஸ், நன்றாகவே நடித்திருக்கிறார். அங்கே துப்பாக்கி வருகிறது, வெளியே குழி வெட்டுகிறார்கள், சத்தம் கேட்கிறது. அந்தச் சத்தத்தோடு கதை தீர்ந்துவிடுகிறது. மூலத்தில் அது தீரவே தீராது, அந்த மனுஷன் நாளைக்கும் தட்டை எடுத்துக்கொண்டு போயாக வேண்டும்.

ரீமேக் என்றாலே குப்பை என்று சொல்ல வரவில்லை. ஸ்டீக் லார்சனின் ‘தி கேர்ள் வித் தி டிராகன் டாட்டூ’ நாவலை ஸ்வீடன்காரர்கள் 2009-ல் எடுத்தார்கள், டேவிட் ஃபின்ச்சர் 2011-ல் எடுத்தார். இங்கிலீஷ் பேசினாலும் கதையை அமெரிக்காவுக்குத் தூக்கிப் போகாமல் ஸ்வீடனின் பனியிலேயே வைத்தார். முடிவில் கதாநாயகி லிஸ்பெத் தான் விரும்புகிறவனுக்கு ஆசையாக ஒரு பரிசு வாங்கிக்கொண்டு வருவாள், அவன் இன்னொருத்தியோடு போவதைப் பார்ப்பாள், குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போய்விடுவாள். பரிசுதான் வேறு, அந்த வலி நாவலில் உள்ளது. முந்தைய படத்தை ஜெராக்ஸ் எடுக்காமல் புத்தகத்தைத் திறந்து பார்த்திருக்கிறார் என்பது தெரிகிறது. கதையில் காணாமல் போகிற ஹாரியட் என்ற பெண்ணின் விஷயத்தில் அவரும் கை வைத்தார்தான், ஆனால் வலிக்கிற இடத்தில் வைக்கவில்லை.

இதையெல்லாம் நண்பனுக்கு போனில் சொல்லி முடித்தேன். அதற்குள் அவன் 1993 படத்தைப் பார்த்துவிட்டிருக்கிறான். "நல்லாத்தானேடா இருக்கு, எதுக்கு இவ்வளவு திட்டுற?" என்கிறான். சரி, டச்சுப் படத்தைப் பார்த்துவிட்டுப் பேசு என்றேன். "அதான் முடிவை நீயே சொல்லிட்டியே, இனி என்னத்தைப் பார்க்குறது?" என்றான். முடிவு தெரிந்தாலும் பயம் குறையாத படம் அது என்று எவ்வளவோ சொன்னேன், அவன் கேட்பதாக இல்லை. தப்பு என் மேல்தான்.