நிறத்தை நம்பி டிரெய்லர் வயரை இணைக்காதீர்கள்

"நிறத்துக்கு நிறம் முறுக்கினால் போதும், டிரெய்லர் விளக்கு எரியும்" என்று நினைப்பது தவறு. அமெரிக்க 4 பின் தட்டை பிளக்கில் வெள்ளை எர்த் (வண்டிச் சட்டத்தின் இரும்போடு சேரும் வயர்), பழுப்பு டெயில் லைட், மஞ்சள் இடது பக்க இண்டிகேட்டரும் பிரேக்கும், பச்சை வலது பக்க இண்டிகேட்டரும் பிரேக்கும். அது டிரெய்லர் பக்கத்துக்குத்தான். காருக்குள் ஓடும் வயரின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்; கரண்ட் வந்தால் எரிந்து காட்டும் 12 வோல்ட் டெஸ்ட் லைட் வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

காரில் பிரேக் சிவப்பாகவும் இண்டிகேட்டர் ஆரஞ்சாகவும் தனித்தனியே எரிகிறதா? இரண்டு சிக்னலையும் ஒரே வயரில் சேர்த்துத் தரும் கன்வெர்ட்டர் கட்டாயம். டிரெய்லரில் அந்த இரண்டு வேலைக்கும் பக்கத்துக்கு ஒரே வயர்தான். நேரே ஒட்டுப்போட்டால் பிரேக் மிதிக்கும்போது காரின் இண்டிகேட்டர்களும் சேர்ந்து எரியும். பின்னால் வருபவர் குழம்பிப்போவார்.

டெயில் லைட் போட்டதும் இண்டிகேட்டர் மங்கினால் முதலில் எர்த்தைச் சந்தேகப்படுங்கள். சட்டத்தின் பெயின்டைச் சுரண்டி, வெற்று இரும்பில் வெள்ளை வயரை இறுக்குங்கள்.