சொல்லாம விட்டுட்டுப் போற பில்ட் சிஸ்டம்

பேர் சொல்லிக் கொடுத்த ஃபைலை ஒரு பில்ட் சிஸ்டம் (நாம எழுதின கோடை ஓடற ப்ரோக்ராமா மாத்தற கருவி) சத்தமே இல்லாம ஒதுக்கித் தள்ளிட்டு, கடைசில பில்ட் முடிஞ்சதுன்னு சொன்னா எனக்கு வர்ற கோவம் கொஞ்சநஞ்சம் இல்ல. எரர் வந்தா திட்டிக்கிட்டேயாவது சரி பண்ணிடலாம். வராத எரரை எங்க போய்த் தேடுறது?

எஸ்டிஎம்32ங்கற மைக்ரோகன்ட்ரோலர் சிப்புக்கு சீமேக்ங்கற பில்ட் சிஸ்டத்துல ப்ராஜெக்ட் போட்டவங்களுக்கு இது தெரியும். சி ஃபைல்களோட ஒரு ஸ்டார்ட்டப் அசெம்பிளி ஃபைலும் (சிப் ஆன் ஆனதும் முதல்ல ஓடறது, ப்ராசசர் கட்டளைகள்லயே எழுதினது) இருக்கும். ஸ்டாக் எங்க ஆரம்பிக்குது, ரீசெட் ஆனதும் எங்க போகணும், எந்த இன்டரப்டுக்கு (வேலைக்கு நடுவுல வர்ற சிக்னலுக்கு) எந்த ஹேண்ட்லர்னு சொல்ற வெக்டர் டேபிள் அதுக்குள்ளதான் இருக்கு. மெயினைக் கூப்பிடுறதும் அதுதான். சோர்ஸ் லிஸ்ட்ல அது பேரைத் தப்பா எழுதினா ஃபைலைக் காணோம்னு சீமேக் உடனே நிப்பாட்டிடும். பேரும் சரி, ஃபைலும் இருக்கு, ஆனா என்னென்ன மொழின்னு சொல்ற ப்ராஜெக்ட் வரில ஏஎஸ்எம் (அசெம்பிளி) மொழியைச் சேர்க்கலன்னா? ஒரு எச்சரிக்கை கிடையாது. ஹெடர் ஃபைல் மாதிரி கண்டுக்காம தாண்டிப் போயிடும். மொழியே குறிப்பிடலன்னாலும் அது எடுத்துக்கறது சி, சி++ ரெண்டை மட்டும்தான்.

அடுத்து லிங்கர், கம்பைல் ஆன துண்டுகளை ஒண்ணாச் சேர்க்கற கருவி. ரீசெட் ஹேண்ட்லரைக் காணோம், 08000000 முகவரியை வச்சுக்கறேன்னு சொல்லும். அதுவும் வார்னிங்தான்! நுழையற இடமே இல்லாத ஃபர்ம்வேருக்கு எரர்கூட இல்ல. இதோட, பயன்படாத கோடைத் தூக்கற ஜிசி செக்‌ஷன்ஸ் ஆப்ஷனும் இருந்தா (எம்பெடட் வேலைல பெரும்பாலும் இருக்கும்) மெயினை யாரும் கூப்பிடல, அதனால மெயின் கூப்பிடறது எதுவும் வேண்டாம்னு நாம எழுதின கோடுல பெரும்பகுதியைக் கழிச்சுக் கட்டிடும். கடைசி ப்ரோக்ராமான எல்ஃப் ஃபைல் வந்துடும், சிப்புல ஃப்ளாஷும் ஆயிடும். போர்டு மட்டும் அசையாது. நாம கிரிஸ்டலைச் சந்தேகப்படுவோம், பூட் பின்னைப் பார்ப்போம், கேபிளை மாத்துவோம், சால்டரிங்கைக் குத்திப் பார்ப்போம். இத்தனைக்கும் காரணம் எழுதாம விட்ட ஒரு வார்த்தை.

அந்த வார்த்தையைச் சேர்த்தாலும் நிம்மதி இல்ல. சி-க்குன்னு வச்ச, ப்ராசசர் எதுன்னு சொல்ற கார்டெக்ஸ் எம்4 ஃப்ளாக் அசெம்பிளிக்குப் போகாது, அதுக்குத் தனி வேரியபிள். சரி, அதாவது பல நேரம் எரர் போட்டுச் சொல்லும்.

எனக்கு வயிறு எரியறது எக்ஸ்டென்ஷன்லதான். ஃபைல் பேர் கடைசில பெரிய எஸ் போட்டா ஜிசிசி கம்பைலர் முதல்ல ப்ரீப்ராசசரை (இஃப்டெஃப் மாதிரி கண்டிஷன் வரிகளைக் கவனிக்கறது) ஓட்டும், சின்ன எஸ் போட்டா ஓட்டாது. சின்ன எஸ் ஃபைல்ல ஹேஷ் போட்டு இஃப்டெஃப் எழுதி வச்சிருந்தா என்ன ஆகும் தெரியுமா? ஆர்ம் ப்ராசசருக்கான குனூ அசெம்பிளர் வரி ஆரம்பத்துல ஹேஷ் இருந்தா அதைக் கமென்ட்டா எடுத்துக்கும். அப்போ கண்டிஷன் காணாமப் போகும், இஃப் பக்கமும் எல்ஸ் பக்கமும் ரெண்டும் சேர்ந்து உள்ள போகும். ஒரே லேபிள் ரெண்டு பக்கமும் இருந்தா தப்பிச்சோம், எரர் வரும். இல்லன்னா எந்த நேரத்துல எங்க வெடிக்கும்னு யாருக்கும் தெரியாது. ஒரு எழுத்து சின்னதா பெருசாங்கறதுல இவ்வளவு பெரிய வித்தியாசத்தை வச்சது அநியாயம். விண்டோஸ் இந்த ரெண்டையும் ஒரே பேரா நினைக்கும்ங்கறது வேற.

டாக்குமென்டேஷன்ல இருக்கே, படிக்கலையான்னு கேக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். சோர்ஸ் லிஸ்ட்ல ஹெடர், ரீட்மீ எல்லாம் போடுவாங்க, அதனால தெரியாத எக்ஸ்டென்ஷனைச் சும்மா விடறோம்ங்கற காரணம் எனக்குப் புரியுது. ஆனா இது தெரியாத எக்ஸ்டென்ஷனா? சீமேக்கோட சொந்த அசெம்பிளி மாட்யூல்லயே சின்ன எஸ், பெரிய எஸ், ஏஎஸ்எம் மூணும் எழுதியிருக்கு. தெரிஞ்சும் வாய் திறக்காதது என்ன நியாயம்? இந்த ஃபைலைக் கம்பைல் பண்ணலன்னு ஒரே ஒரு வரி சொன்னா போதும். காலேஜ் முடிச்சு முதல் வேலைல உக்காந்திருக்கற பிள்ளைங்க, போர்டு ஓடலன்னதும் தனக்கு எம்பெடடே வராது போலன்னு முடிவுக்கு வந்துடறாங்க. தப்பு அவங்க பேர்ல இல்ல.

அவங்களுக்காகச் சொல்றேன்: பில்ட் ஓடும்போது லாக்ல 'பில்டிங் ஏஎஸ்எம் ஆப்ஜெக்ட்'னு ஸ்டார்ட்டப் ஃபைல் பேரோட ஒரு வரி வருதான்னு பாருங்க. அது வர்ற வரைக்கும் உங்க சி கோடுல ஒரு வரியைக்கூட மாத்தாதீங்க.