ஊருக்கெல்லாம் ஒரே டயட் சார்ட் எதற்கு?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஜிம்மில் பணம் கட்டிய வாரமே வாட்ஸ்அப்பில் ஒரு சார்ட் வந்துவிடுகிறது. ஓட்ஸ், பிரக்கோலி, வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி. 58 கிலோ ஒல்லிப் பையனுக்கும் அதுதான், 95 கிலோ கடைக்காரருக்கும் அதுதான். பத்து நாளில் பிரக்கோலி அலுத்துவிடும். பதினோராம் நாள் வெள்ளைப் பணியாரத்தில் எல்லாம் போய்விடும். நம் அடுப்படியை மாற்ற வேண்டாம், அளந்து சாப்பிட்டால் போதும் என்பதுதான் என் கட்சி.

முதலில் என்ன வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். தொப்பை குறையணுமா, தசை ஏறணுமா, தைப்பூசத்துக்குப் பழனி நடக்கணுமா? உடல் எடையை 30-ஆல் பெருக்கினால், ஓரளவு நடமாட்டம் உள்ளவருக்கு எடை மாறாமல் இருக்கத் தேவையான கலோரி உத்தேசமாகக் கிடைக்கும். 70 கிலோ என்றால் 2100. குறைக்க 300 முதல் 500 கழியுங்கள். ஏற்ற 200 முதல் 300 கூட்டுங்கள். தினமும் காலையில் வெறும் வயிற்றில் எடை பார்த்து, வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். இரண்டு வாரமாக முள் நகரவில்லை என்றால் இன்னும் 150 கலோரி மாற்றுங்கள். ஒரு நாள் எடையை நம்பாதீர்கள். முந்தின நாள் கல்யாண விருந்தின் உப்பே ஒரு கிலோ தண்ணீரைப் பிடித்து வைக்கும்.

சார்ட்டில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. "அரிசி 100 கிராம்" என்று இருக்கும். பச்சை எடையா, வெந்த சோறா? வேகாத அரிசி 100 கிராமில் 350 கலோரி, அதே எடை வெந்த சோற்றில் 130. மூன்று வேளையும் தப்பாக எடுத்தால் 660 கலோரி வித்தியாசம். கறிக்கும் இதே சிக்கல். எலும்போடு கால் கிலோ நாட்டுக்கோழி எடுத்தால் சதை ஏறக்குறைய 150 கிராம்தான் தேறும்.

புரதத்தில்தான் நாம் கோட்டை விடுகிறோம். எடைப் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1.6 கிராம் வேண்டும். 70 கிலோவுக்கு 112. இதை நம் இலையிலேயே எட்டலாம். காலையில் மூன்று இட்லி, சாம்பார், மூன்று முட்டை சேர்ந்தால் 28. மதியம் 150 கிராம் கோழிச் சதை, 200 கிராம் சோறு, ஒரு கிண்ணம் தயிர் சேர்ந்தால் 43. சாயங்காலம் 150 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல் 12. ராத்திரி இரண்டு தோசை, இரண்டு முட்டை 18. படுக்கும்முன் ஒரு டம்ளர் பால் 8. மொத்தம் 109. பவுடர் டப்பா இல்லாமலே கணக்கு ஏறக்குறைய முடிந்தது. அந்த டப்பாவில் வரும், பாலிலிருந்து பிரித்த வே புரதம் கெடுதல் இல்லை, விலைதான் கெடுதல். புரட்டாசியில் கறி, முட்டை நிறுத்துபவர்கள் சோயா உருண்டையைப் பிடித்துக்கொள்ளலாம். உலர்ந்த 50 கிராமில் 25 கிராம் புரதம் இருக்கிறது.

அடுத்து எண்ணெய். செட்டிநாட்டு மசாலாவைக் குறை சொல்பவர்கள் குழம்பின் மேலே மிதப்பதைப் பார்ப்பதில்லை. அரை கிலோ கோழிக்கு 100 மில்லி கடலை எண்ணெய் ஊற்றினால் அதிலேயே 820 கலோரி. சோம்பு, கல்பாசி, சின்ன வெங்காயம் வதங்க 40 மில்லி போதும். வெங்காயம் அடிப்பிடிக்கும்போது எண்ணெய்க்குப் பதில் ஒரு கை வெந்நீர் தெளியுங்கள். முந்திரி அரைத்து ஊற்றுவதை விசேஷ நாளுக்கு ஒதுக்குங்கள். அரிசி களைந்த நீரில் வைக்கும் வெண்டைக்காய் மண்டியோ கோழி ரசமோ வைக்கும் நாளில் இந்தத் தொல்லையே கிடையாது.

கவுனி அரிசி என்னும் கறுப்பு அரிசி டயட்டுக்கு நல்லது என்று கிளப்பிவிட்டிருக்கிறார்கள். நார்ச்சத்து வெள்ளை அரிசியைவிடக் கூடுதல், உண்மை. கலோரி அவ்வளவு குறைவில்லை. சீனியும் தேங்காயும் நெய்யும் போட்டுக் கிண்டிய பிறகு அது இனிப்புப் பலகாரம்தான்.

பழனி நடப்பவர்கள் மட்டும் சோற்றைக் குறைக்கவே கூடாது. நாள் முழுக்க நடக்கும் காலுக்கு மாவுச்சத்துதான் எரிபொருள். உடல் எடையில் கிலோவுக்கு 5 கிராமுக்குக் குறைந்தால் இரண்டாம் நாளே கால் இழுக்கும். பயிற்சி நடை தொடங்கும்போதே இட்லி, வாழைப்பழம், உப்புப் போட்ட மோர் என்று வயிற்றைப் பழக்குங்கள். கிளம்பிய பிறகு புதிதாக எதையும் சோதிக்காதீர்கள்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரதத்தை ஏற்ற வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் திடீரென்று சோற்றைப் பாதியாக்கினால், பழைய அளவு மருந்து சர்க்கரையைக் கீழே தள்ளி மயக்கத்தில் விட்டுவிடலாம். மருந்தளவைப் பேசிவிட்டு அப்புறம் தட்டில் கை வையுங்கள்.