ஆடி முடியும்போது விடிலியில் போடும் கணக்கு

கார்த்திகை பிறந்ததும் ஒரு பேச்சு ஆண்டுதோறும் கிளம்பிவிடும்: "கருப்பட்டி விலை எங்கேயோ போயிருச்சு, பனையேறிகள் நல்லா சம்பாதிக்கிறாங்க." சொல்கிறவர்கள் மேல் கோபமில்லை. கடையில் கேட்ட விலையை வைத்துத்தான் பேசுகிறார்கள். ஆனால் அந்த விலை ஏறும் நேரத்தில் பனையேறி வீட்டில் விற்க ஒரு சிரட்டைக் கருப்பட்டிகூட இருப்பதில்லை. ஏன் இல்லை என்பது ஆடி, ஆவணியில் விடிலிக்குள், அதாவது பனங்காட்டில் பதநீர் காய்ச்சப் போடும் ஓலைக் குடிசைக்குள், முடிவாகிறது. அந்த இரண்டு மாதத்தைப் புரிந்துகொள்ளாமல் பனைத்தொழிலைக் காப்பாற்றுவோம் என்று எத்தனை விதை நட்டாலும் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து.

தூத்துக்குடி, ராமநாதபுரம் மாவட்டங்களின் உடன்குடி, வேம்பார், சாயல்குடி, நரிப்பையூர்ப் பக்கம் மாசி, பங்குனியில் பனையின் பூக்குலையான பாளையைச் சீவத் தொடங்கினால் சித்திரை, வைகாசியில் பதநீர் பொங்கும். ஒரு ஆள் நாற்பது மரம் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். உச்சத்தில் மரத்துக்கு இரண்டரை லிட்டர் வீதம் நாளைக்கு 100 லிட்டர் இறங்கும். 8 முதல் 10 லிட்டருக்கு ஒரு கிலோ கருப்பட்டி என்பதால் பத்துக் கிலோவுக்குக் குறையாமல் தேறும். ஆடி பாதியைத் தாண்டும்போது அதே நாற்பது மரத்தில் 30 லிட்டர் கிடைத்தால் பெரிது. மூன்று கிலோ.

வரத்து மூன்றில் ஒன்றாகிவிட்டது, வேலையும் அப்படிக் குறையுமா? குறையாது. பாளையை ஒரு நாள் சீவாமல் விட்டால் வெட்டுவாய் காய்ந்து அடைத்துக்கொள்ளும், அதற்குப் பிறகு அந்தப் பாளை சுரக்காது. அதனால் அரை லிட்டர் தரும் மரமானாலும் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை ஏறியே ஆக வேண்டும். நாற்பது அடி மரம், நாற்பது மரம், இரண்டு வேளை: ஒரு நாளில் ஏறும் உயரம் மட்டும் 3,200 அடி. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர், செங்குத்தாக. அதே அளவு இறங்கவும் வேண்டும். வைகாசியில் பத்துக் கிலோவுக்கு ஏறிய உயரத்தை ஆடியில் மூன்று கிலோவுக்கு ஏறுகிறார்கள்.

அதுவும் ஆடிக் காற்றில். மரத்தின் கொண்டை ஆடும்போது ஒரு கையால் மட்டையைப் பிடித்து மறு கையால் பாளையைச் சீவ வேண்டும். ஒரு தூறல் விழுந்துவிட்டால் மரத்தின் செதில் வழுக்கும். மாசியில் புதிதாகத் திரித்த, ஏறும்போது காலில் மாட்டும் தளைநார் ஆடிக்குள் தேய்ந்து இழை விட்டிருக்கும். மரத்தில் சாய்த்து ஏறும் முறுக்குத்தடியும் வருடம் முழுக்க வெயில் தின்று வெடித்திருக்கும். "இன்னும் பத்து நாள்தானே" என்று பழைய நாரிலேயே ஏறுவதுதான் ஆபத்து. விழுந்தால் பெரும்பாலும் முதுகுத்தண்டுதான் போகிறது. புது நாருக்கு ஆகிற செலவு ஒன்றுமில்லை, உரித்துத் திரிக்கிற நேரம்தான் செலவு. தயவுசெய்து கடைசி மாதத்தில் ஒருமுறை நாரை மாற்றுங்கள். பனைமரத் தொழிலாளர் நல வாரியத்தில் பெயர் இல்லாதவர்கள் சீசன் தொடங்கும் முன்பே பதிந்து வையுங்கள். விபத்து நடந்த பிறகு ஓடினால் எதுவும் கிடைக்காது.

கீழே பெண்கள் பக்கத்துக்கு வருவோம். கருப்பட்டியின் தரம் அவர்கள் கையில்தான் இருக்கிறது, கடைசி மாதம் அவர்களுக்குத்தான் பெரிய சோதனை. பதநீர் வடியப் பாளையில் கட்டும் கலயத்துக்குள் தடவும் சுண்ணாம்பு பதநீர் புளிக்காமல் காக்கும். சுண்ணாம்பு போதாவிட்டால் கள்ளாகிவிடும். 1987 முதல் கள்ளுக்குத் தடை இருக்கிற மாநிலத்தில் அது போலீஸ் சிக்கலும்கூட. வைகாசியில் கலயம் நிறையச் சுரந்தபோது தடவிய அளவையே ஆடியிலும் தடவினால், கொஞ்சப் பதநீருக்கு நிறையச் சுண்ணாம்பு என்றாகி, காய்ச்சும்போது பாகு கறுக்கும், கருப்பட்டியில் காறல் நிற்கும். சரி என்று குறைத்தால், இரவில் பெய்த தூறல் கலயத்துக்குள் இறங்கிச் சுண்ணாம்பின் வேகத்தைக் குறைத்துவிடும், விடிவதற்குள் புளிப்பு தட்டிவிடும். புளித்த பதநீரில் சர்க்கரை உடைந்துபோகிறது. எவ்வளவு காய்ச்சினாலும் பாகு இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கும். நடுவில் சரியான அளவைக் கண்டுபிடிப்பது மரத்துக்கு மரம், நாளுக்கு நாள் மாறும் வேலை. ஏறுகிறவரும் காய்ச்சுகிறவரும் தினமும் பேசிக்கொண்டால்தான் அது நடக்கும்: "அந்தத் தென்மூலை மரத்துக் கலயத்தை நாளைக்குக் கொஞ்சம் குறைச்சுத் தடவுங்க."

காய்ச்சும் முறையும் அவசரத்துக்கு வளையாது. பதநீரைத் துணியில் வடிகட்டி, சுண்ணாம்பு அடியில் தங்கும்வரை வைத்து, தெளிவை மட்டும் தாச்சியில், அதாவது காய்ச்சும் அகன்ற பாத்திரத்தில், ஊற்ற வேண்டும். பொங்கி வரும்போது ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட்டால் நுரை அடங்கும். உச்ச நாட்களில் மூன்று நான்கு மணி நேரம் அடுப்பை விட்டு நகர முடியாது. பாகை ஒரு துளி தண்ணீரில் விட்டு விரலில் உருட்டினால் உருள வேண்டும். அந்த நொடியில் இறக்கி, துடுப்பால் கிண்டி, பாகு மணல் மணலாகத் திரளும்போது ஈரச் சிரட்டையில் ஊற்ற வேண்டும். கொஞ்சம் முந்தினால் கருப்பட்டி கசியும், பிந்தினால் தாச்சியிலேயே கட்டியாகும். ஆடியில் இதோடு ஈர விறகும் சேர்கிறது. காய்ந்த ஓலையும் மட்டையும் வைகாசியோடு எரிந்து தீர்ந்திருக்கும். மிச்சம் இருப்பது நனைந்த கருவேல முள். தீ சீராக எரியாவிட்டால் பாகு அடிப்பிடிக்கும், விடிலி முழுக்கப் புகை. அந்தப் புகையைக் குடித்துக்கொண்டுதான் மூன்று கிலோவை எடுக்கிறார்கள்.

இதில் பிள்ளைகள் கதை ஒன்று இருக்கிறது. ஊரை விட்டுக் காட்டில் விடிலி போட்டுத் தங்கும் குடும்பங்களின் பிள்ளைகள் ஜூனில் பள்ளி திறக்கும்போதும் அங்கேயேதான் இருக்கிறார்கள். சீசன் முடிய ஆகஸ்ட் ஆகிவிடும். இதைச் சரிசெய்யப் பெரிய திட்டமெல்லாம் வேண்டாம். அந்தப் பக்கத்துப் பள்ளியில் மூன்று மாதத்துக்குத் தற்காலிகச் சேர்க்கை, ஒரு வண்டி, அவ்வளவு போதும்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். சீசன் தொடங்கும்போதே வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். மரத்துக்காரருக்குக் குத்தகையான பாட்டம், கலயம், சுண்ணாம்பு, விடிலி போடும் செலவு, முதல் பதநீர் இறங்கும்வரை அரிசி, எல்லாம் அந்த முன்பணத்தில்தான். அதற்கு ஈடாகக் காய்ச்சுகிற கருப்பட்டி வாராவாரம் வியாபாரிக்குப் போகும். வரத்து அதிகமாக இருக்கும் நாட்களில் விலை அடிமட்டத்தில் இருக்கும், அந்த விலைதான் வரவில் எழுதப்படும். ஆடியில் கணக்கு முடிக்கும்போது முன்பணம் கழிந்திருந்தால் நல்ல சீசன். கழியாவிட்டால் மிச்சக் கடன் அடுத்த மாசிக்கு ஏறும், அடுத்த சீசனும் அதே வியாபாரிக்குத்தான். வியாபாரியை வில்லனாகக் காட்ட எனக்கு விருப்பமில்லை. மாசியில் கேள்வி கேட்காமல் பணம் கொடுக்க வேறு யாரும் வருவதில்லை என்பதும் உண்மைதான்.

ஆனால் கருப்பட்டி கெட்டுப்போகும் பண்டமில்லை. அடுப்புக்கு மேலே பரண் கட்டி, ஓலைப்பாய் விரித்து, லேசான புகை படும்படி அடுக்கினால் மழைக்காலம் தாண்டியும் நிற்கும். ஈரம் வற்றி எடை கொஞ்சம் குறையும், ஆனால் பழைய கருப்பட்டிக்கு நாட்டு மருந்துக் கடைகளில் தனி மதிப்பு உண்டு. அதாவது காத்திருக்க முடிந்தவருக்குத்தான் லாபம். காத்திருக்கப் பணம் வேண்டும். நெல்லுக்கும் மிளகாய்க்கும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் பொருளீட்டுக் கடன் கொடுக்கிறார்கள்: சரக்கைக் கிடங்கில் வைத்து, மதிப்பில் ஒரு பங்கைக் கடனாக வாங்கி, விலை வரும்போது விற்கலாம். இதே வசதி கருப்பட்டிக்கும் பனங்காட்டுக்குப் பக்கத்திலேயே, ஈரம் புகாத சிறு கிடங்கோடு வேண்டும். 2021 வேளாண் பட்ஜெட்டில் பனை விதைகள், ரேஷன் கடையில் கருப்பட்டி, பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி என்றெல்லாம் அறிவித்தது நல்ல தொடக்கம். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆனால் இன்று நடும் விதை பாளை விடப் பதினைந்து, இருபது ஆண்டு ஆகும். இப்போது ஏறுகிறவர்களை வைகாசியில் விற்கும் கட்டாயத்திலிருந்து விடுவிக்காவிட்டால், அந்த மரங்களில் ஏற அப்போது ஆள் இருக்கமாட்டார்கள்.

பதநீர் குறையும் மாதங்களில் சந்தையில் கருப்பட்டி மட்டும் குறையாமல் கிடைப்பது சீனியால்தான். சீனிப்பாகு கலந்து காய்ச்சினால் எடை கூடும், விலை குறையும். சுத்தமாகக் காய்ச்சியவர் அந்த விலையோடு போட்டி போட முடியாமல் நிற்கிறார். மலிவு தேடுகிற நாமும் இதற்குப் பொறுப்பு.

பாளை ஓய்ந்ததும் குடும்பம் சும்மா இருப்பதில்லை. கலயங்களைக் கழுவி, சுண்ணாம்புப் பொருக்கைச் சுரண்டி, காயவைத்துக் கவிழ்த்து அடுக்க வேண்டும். நுங்குக்கு விட்ட மரங்களில் பழம் விழத் தொடங்கியிருக்கும். கொட்டைகளைச் சேர்த்து, மணலை இரண்டு மூன்று அடிக்கு மேடாகக் குவித்து, நெருக்கமாக அடுக்கிப் பாத்தி போட்டால் தைப் பொங்கலுக்குக் கிழங்கு. பாத்தி மேடாக இல்லாவிட்டால் கிழங்கு கட்டாந்தரையில் முட்டிக் குட்டையாகிவிடும், பிடுங்கும்போது ஒடியும். ஆவணியில் போட வேண்டிய பாத்தியை ஐப்பசிக்குத் தள்ளினால் பொங்கல் சந்தை போய்விடும், அதற்குப் பிறகு கிழங்குக்கு விலை இல்லை. ஓலை வெட்டி, பெட்டி முடைந்து கொஞ்சம் வரும். அதுவும் போதாதவர்கள் கரிமூட்டத்துக்கும் செங்கல் சூளைக்கும் போகிறார்கள். சூளையிலும் முன்பணம்தான்.

வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருடத்துக்குத் தேவையான கருப்பட்டியை வைகாசி, ஆனியிலேயே காய்ச்சுகிற குடும்பத்திடம் நேரடியாக, முடிந்தால் பங்குனியில் பாதிப் பணத்தை முன்கூட்டிக் கொடுத்து வாங்குங்கள். அந்தப் பாதிப் பணம் வியாபாரியின் முன்பணத்தைக் குறைக்கும். மினுமினுப்பாக, ஒரே நிறத்தில் வேண்டும் என்று கேட்காதீர்கள். சுண்ணாம்பும் தீயும் தினமும் மாறுவதால் நிறமும் மாறத்தான் செய்யும். வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக் பையைப் பிரித்துவிட்டு, ஓலைப்பெட்டியிலோ காய்ந்த மண்பானையிலோ வைத்து வாயைத் துணியால் கட்டுங்கள். மழை நாளில் மேலே கசிவு தெரிந்தால் அடுப்படி வெதுவெதுப்பில் ஒரு நாள் வைத்தால் மறுபடி இறுகிவிடும்.