பிளேலிஸ்ட் போட்டு நாடகத்தைக் கெடுத்த கதை

எந்த ஒலிப்பதிவைக் கேட்பது என்று முடிவெடுக்க முடியாமல் ஒரு முறை ஒரு காரியம் செய்தேன். பாட்டாலேயே கதை சொல்லும் மேடை நாடகமான 'லே மிசராப்' மியூசிக்கலின் பல ஒலிப்பதிவுகளைக் கேட்டு, ஒவ்வொரு பாட்டுக்கும் ஆகச் சிறந்த குரலைப் பொறுக்கி, கதை வரிசைப்படி ஒரு பிளேலிஸ்ட் போட்டேன். கதையில் வறுமையில் சாகும் ஃபான்டினுக்கு 1985 லண்டன் பதிவின் பாட்டி லுபோன். கதாநாயகன் வால்ஜானைத் துரத்தும் போலீஸ்காரர் ஜாவேருக்கும், மாணவன் மரியஸை ஒருதலையாகக் காதலிக்கும் எப்போனினுக்கும் 1995-இல் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்த பத்தாம் ஆண்டுக் கச்சேரியின் ஃபிலிப் குவாஸ்ட், லியா சலோங்கா. வால்ஜான் பாடும் 'பிரிங் ஹிம் ஹோம்' பாட்டுக்கும் கடைசிக் காட்சிக்கும் 2010 கச்சேரியின் ஆல்ஃபி போ. இதைவிட நல்ல பதிவு உலகத்தில் இருக்க முடியாது என்று நினைத்துக்கொண்டு கேட்க உட்கார்ந்தேன்.

கேட்கக் கேட்கப் பிசகு தெரிந்துவிட்டது. முதல் காட்சியில் 1985 பதிவின் கால்ம் வில்கின்சனின் கரகரத்த குரலில் சிறையிலிருந்து வெளியே வந்த வால்ஜான், கலகக்காரர்களின் தெருத் தடுப்பரணுக்குப் போனதும் ஓப்பரா பாடகராகிவிட்டார். ஃபான்டின் செத்த பிறகு எப்போனின் வந்தாள், அவளும் செத்தாள். ஆனால் கடைசிக் காட்சியில் வால்ஜானை அழைத்துப் போக ஃபான்டினின் ஆவி வரும்போது கேட்டது எப்போனின் குரல்! 1995-இல் எப்போனினாகப் பாடிய சலோங்கா 2010-இல் ஃபான்டினாகப் பாடினார். அந்த நுணுக்கம் என் மண்டையில் ஏறவில்லை. இதில் வேடிக்கை, அந்த இடத்தின் மெட்டும் எப்போனினின் 'ஆன் மை ஓன்' மெட்டுதான். 1980-இல் வந்த பிரெஞ்சு ஆல்பத்தில் அந்த மெட்டு ஃபான்டினுக்குத்தான் இருந்தது. ஆக, என் தப்புக்கும் ஒரு பூர்வீகம் இருக்கிறது.

அன்றிலிருந்து என் கட்சி இதுதான்: ஏதாவது ஒரு பதிவை எடுங்கள், முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை அதிலேயே இருங்கள். குரல்களைத் தனித்தனியாக ஒப்பிடுவதில் எனக்கும் ருசி உண்டு. ஆனால் ஒரு நடிகர் குழு சேர்ந்து பாடும்போது ஒருவர் தணிவதால்தான் இன்னொருவர் உயர்கிறார். தணிந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு உயர்ந்த இடங்களை மட்டும் கோத்தால் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவது போல இருக்கிறது.

சரி, எதை எடுப்பது? முதல் தடவை கேட்பவர்களுக்கு நான் சொல்வது 1985 லண்டன். குறைகள் எனக்கும் தெரியும். சிந்தசைசர் ஒலி இன்று பழசாகத் தெரிகிறது. பின்னால் வெட்டிவிட்ட ஒரு பாட்டு இதில் இருக்கிறது. ஜாவேரின் 'ஸ்டார்ஸ்' இப்போதைய மேடை வரிசைக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. ஆனாலும் மரியஸைக் கேளுங்கள். அவனாகப் பாடும் மைக்கேல் பாலுக்கு அப்போது 23 வயது. நண்பர்கள் எல்லாரும் செத்தபின் காலி நாற்காலிகளைப் பார்த்துப் பாடும் இடத்தில், அந்தக் குரலுக்கு என்ன நடந்தது என்பதே இன்னும் புரியவில்லை. 1995 கச்சேரியிலும் அதே பாட்டைப் பாடுகிறவர் அவரேதான், வயது 33. குரல் அகன்று, ஆழமாகி, எங்கே மூச்செடுப்பது, எங்கே உடைவது என்று எல்லாம் தெரிந்த குரல். பாட்டாகக் கேட்டால் 1995தான் மேல், மறுக்கமாட்டேன். ஆனால் அந்த நாற்காலிகளுக்கு முன்னால் நிற்க வேண்டியவன் மாணவன், தேர்ந்த பாடகன் இல்லை.

கச்சேரிப் பதிவில் எனக்குள்ள தகராறும் இதுவே. பாடகர்கள் மைக் முன் வரிசையாக நிற்கிறார்கள், பின்னால் பெரிய இசைக்குழு. கடைசியில் பல நாடுகளிலிருந்து வந்த 17 வால்ஜான்கள் அவரவர் மொழியில் பாடுகிறார்கள். திருவிழா! திருவிழாவில் யாரும் பசியால் சாவதில்லை.

'முழுசாக இருப்பதை வாங்கிவிடலாமே' என்பவர்களுக்கு 'கம்ப்ளீட் சிம்ஃபோனிக்' பதிவு இருக்கிறது. மூன்று குறுந்தட்டுகள், ஒரு வரி விடாமல். பல நாட்டுத் தயாரிப்புகளின் பாடகர்கள். நான் அதை அகராதி போல வைத்திருக்கிறேன், சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்க்க. அதற்காக முழுமை தேவையே இல்லை என்று சொல்லவில்லை. 1971-இல் அமெரிக்க இசையமைப்பாளர் சோண்ட்ஹைமின் 'ஃபாலீஸ்' மியூசிக்கலின் பாட்டுகளை ஒரே இசைத்தட்டில் அடக்குவதற்காகக் கன்னாபின்னாவென்று வெட்டினார்கள். அந்தக் குறையைத் தீர்க்க 1985-இல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கோடு ஒரு கச்சேரி நடத்திப் பதிவு செய்தார்கள். அங்கே நான் கச்சேரி பக்கம்தான். ஆனால் அசல் குழுவின் குரல்கள் அந்த வெட்டுப்பட்ட தட்டில்தானே இருக்கின்றன! அதையும் விட மனசில்லை.

'மை ஃபேர் லேடி' மியூசிக்கலுக்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம். 1956 நியூயார்க் மோனோ, 1959 லண்டன் ஸ்டீரியோ, இரண்டிலும் ரெக்ஸ் ஹாரிசனும் ஜூலி ஆண்ட்ரூஸும்தான். நான் மோனோ.

இவ்வளவு பேசிவிட்டு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 1985 பதிவின் ஜாவேர் ரோஜர் அல்லம். நல்ல நடிகர், குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனாலும் 'ஸ்டார்ஸ்' நெருங்கும்போது என் கை தானாகவே 1995-க்குப் போகிறது. குவாஸ்ட் பாடி முடித்ததும் கமுக்கமாகத் திரும்பி வந்துவிடுகிறேன்.