ஹில்குரோவில் ரயில் நிற்பது உங்கள் டீக்காக அல்ல

ஊட்டி மலை ரயிலில் போய்வந்தவர்கள் போடும் பதிவுகளில் ஹில்குரோவ் என்றால் டீ, குரங்கு, செல்ஃபி. அவ்வளவுதான். அந்த ஸ்டேஷனின் வரலாறே தண்ணீர்க் குழாயில் இருக்கிறது, அதை யாரும் படம் எடுப்பதில்லை.

மேட்டுப்பாளையத்திலிருந்து சுமார் 18 கி.மீ., 1092 மீட்டர் உயரம், சுற்றிலும் காடு. 1899இல் குன்னூர் வரை பாதை திறந்தபோது இங்கே இறங்க எந்தக் கூட்டமும் காத்திருக்கவில்லை. ஏறுகிற நீராவி இன்ஜினுக்குத் தாகம் எடுக்கும் இடம் இது.

அடிவாரத்துக் கல்லாறு ஸ்டேஷனைத் தாண்டியதும் ஏறத்தாழ 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். வெறும் சக்கரம் வழுக்கும் என்பதால் தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டு பல் சட்டங்கள். ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதன் பள்ளம் வருமாறு பதித்திருப்பார்கள். இன்ஜினின் பல்சக்கரங்கள் அவற்றைக் கவ்வி ஏறும். பிடி ஒரு கணமும் விடாது. இந்தப் பாதையின் எக்ஸ் வகை இன்ஜினில் நீராவி முதலில் ஓடும் சக்கரங்களைச் சுழற்றிவிட்டு, மிச்ச அழுத்தத்தோடு இன்னொரு ஜோடி சிலிண்டருக்குப் போய்ப் பல்சக்கரங்களைச் சுழற்றும். ஒரே ஆவிக்கு இரண்டு வேலை. அப்படியும் மணிக்கு 13 கி.மீ. வேகத்துக்கே தண்ணீர்த் தொட்டி சீக்கிரம் காலியாகிவிடும். வழியில் நிரப்பாமல் குன்னூர் ஏற முடியாது.

பின்னாளில் நிலக்கரி போய் எண்ணெய் வந்தது. அடுப்பு மாறினாலும் கொதிப்பது தண்ணீர்தானே! கீழே அடர்லியைப் பாருங்கள்: பயணிகளுக்கு மூடிய ஸ்டேஷன், தண்ணீருக்கு மட்டும் ரயில் நிற்கிறது. மலைக்கு மேலே ஊர்களுக்காக ஸ்டேஷன். இந்தச் சரிவில் இன்ஜினுக்காக.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ரயில் ரத்தானால் "ஒரு பாறைக்கு இத்தனை நாளா?" என்று திட்டுகிறோம். பாறையை உருட்டிவிட்டால் வேலை முடியாது. அது பல் சட்டத்தில் விழுந்து சட்டம் லேசாக வளைந்திருந்தாலும் சக்கரப் பல் சரியாக அமராமல் மேலே ஏறிக்கொள்ளும். சட்டம் சட்டமாகப் பார்த்து, கெட்டதை மாற்றித்தான் வண்டியை விட முடியும். அவசரப்படுத்தக் கூடாத வேலை.

2005இல் யுனெஸ்கோ பட்டம் கிடைத்த பாதை இது. அந்தக் குழாயடியில் இதையெல்லாம் தமிழில் சொல்ல ஒரு பலகை வைக்க என்ன செலவாகிவிடும்?

இன்ஜின் தண்ணீர் பிடிப்பதைப் பார்க்க நினைப்பவர்களுக்கு: இன்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும், இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். மேலே போகிற வண்டியில் இறங்கியதும் கடைசிப் பெட்டிப் பக்கம் நடங்கள். டீயைக் கையில் எடுத்துக்கொண்டே போகலாம், குரங்கு விட்டால்.